கையை நிறுத்தாமல் எழுதினால் கதை வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாசகசாலையில் மாதத்தில் இரண்டு ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு நாங்கள் எட்டுப் பத்துப் பேர் கூடி எழுதுகிறோம். இது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. வீட்டுப் பேச்சு தமிழ், வில்லேஜ் ஆபீஸ் காகிதம் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கோயம்புத்தூர். இப்படி இரண்டு பக்கமும் கால் வைத்து வாழ்ந்தவர்கள் தங்கள் கதையை எழுத உட்கார்ந்தால் என்னென்ன சந்தேகம் வரும் என்பது இந்த நான்கு வருடத்தில் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

இதில் என்னதான் செய்ய வேண்டும்?

பத்து நிமிடம் கடிகாரம் வைத்துக்கொண்டு கையை நிறுத்தாமல் எழுத வேண்டும். அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, மேலே போய்ப் படித்துப் பார்க்கக் கூடாது. எழுத்துப்பிழை, ஒற்று, கால் புள்ளி எதைப் பற்றியும் கவலை வேண்டாம். மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்திவிடலாம். வெளியே இதை ஃப்ரீ ரைட்டிங் என்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா முதல் நாளே ‘கையோட்டம்’ என்று பெயர் வைத்துவிட்டார், அதுவே நின்றுவிட்டது.

யார் கண்டுபிடித்தது?

ஒருவரைச் சொல்ல முடியாது. 1934இல் டோரதியா பிராண்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர், காலையில் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னால் எழுந்து, யாரோடும் பேசாமல், பேப்பரும் படிக்காமல், மனதில் வருவதை எழுதுங்கள் என்று எழுத வருபவர்களுக்குச் சொன்னார். 1973இல் பீட்டர் எல்போ என்ற ஆசிரியர் பத்து நிமிடக் கணக்கைப் பரவலாக்கினார். இந்த மனுஷர் எழுத வராமல் தவித்து ஹார்வர்டில் மேற்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். எழுத வராதவர் பரப்பிய வழி என்பதால்தான் எனக்கு இதில் நம்பிக்கை வந்தது.

ஒன்றுமே தோன்றவில்லை என்றால்?

கடைசியாக எழுதிய சொல்லையே திரும்பத் திரும்ப எழுதுங்கள். ‘கை வலிக்குது’ என்று எழுதுங்கள். ‘இந்த ஆளுக்கு வேற வேலை இல்லை’ என்று என்னைத் திட்டி எழுதுங்கள், பலர் எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது நான்காவது நிமிடத்தில் இந்த முணுமுணுப்பு அலுத்துப்போய் மனசு தானாக வேறு எங்கோ திரும்பும். எங்களுக்கு வேண்டியது அந்தத் திருப்பம்தான்.

தொடங்க ஒரு சொல் கையில் இருந்தால் நல்லது. ‘தாய்மை’, ‘வறுமை’ மாதிரி பெரிய சொல்லைக் கொடுத்தால் எல்லோரும் மேடைப் பேச்சு எழுதிவிடுகிறார்கள். ‘முறம்’, ‘ரேஷன் கார்டு’, ‘ஆடிக் காற்று’ என்று கொடுத்தால் வீடு வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரில் ஓட்டைத் தூக்கும், பாத்திரத்தில் மண்ணை நிரப்பும், காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துக் கடலைக்காட்டில் கொண்டுபோய்ப் போடும். ‘காற்று’ என்று எழுதிப் போட்ட அன்றைக்கு ஒன்பது பேரில் ஆறு பேர் அந்த வேட்டியைத் தேடிப் போனார்கள்.

பேனாவா, போனா?

முடிந்தால் பேனா. போனில் தட்டினால் மேலே மூன்று சொல் காட்டும், அதில் எது சரி என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம், அதுவே திருத்தம்தான். போன்தான் பழக்கம் என்றால் அந்தப் பரிந்துரையை அணைத்துவிட்டு, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினாலும் பரவாயில்லை என்று ஓட்டுங்கள். பேசிப் பதிவு செய்வது வேறு வகை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுத எழுத மலையாளம் கலந்து வருகிறது. தமிழில்தானே எழுத வேண்டும்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். வெட்கத்தோடு கேட்கிறார்கள்.

முதலில் ஒன்று. கையோட்டத்தின்போது எந்த மொழிச் சொல் வந்தாலும் அதையே எழுதுங்கள். ‘சாயா’ என்று வந்ததை ‘தேநீர்’ ஆக்க ஒரு நொடி நின்றால் போதும், கடைக்காரர் முகம் போய்விடும். ‘அம்பலம்’ என்று வந்தால் அம்பலம்தான், அதைக் கோயில் ஆக்காதீர்கள். மலையாள லிபியில் வந்தாலும் சரி. நம்மில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் இரண்டையும் படித்தவர்கள், ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்தும் இருக்கிற நோட்டு எங்களிடம் நிறைய இருக்கிறது.

கதையாக்கும்போதுதான் யோசிக்க வேண்டும். சில சொற்கள் இரண்டு மொழியிலும் இருக்கும், பொருள் வேறு. எங்கள் கூட்டத்தில் ஒருவர், அண்ணன் இறந்த வருடத்தைப் பற்றி, ‘அப்பாவுக்கு ரொம்ப விஷமமா இருந்துச்சு’ என்று எழுதினார். மலையாளத்தில் விஷமம் என்றால் மன வருத்தம். பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த ஒரு தம்பிக்கு அது குறும்பு. சிரித்துவிட்டார். எழுதியவர் முகம் சுருங்கிப்போயிற்று. ‘வெள்ளம்’ இன்னொன்று. ‘மூன்று நாளா வீட்டுல வெள்ளம் இல்ல’ என்று எங்கள் ஊர்க்காரர் எழுதினால் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று பொருள். சென்னைக்காரர் படித்தால் நல்லவேளை என்பார்.

இதற்கு நான் பார்த்த வழி, சொல்லை மாற்றாமல் அடுத்த வரியில் காட்டிவிடுவது. ‘அப்பாவுக்கு விஷமம். இலையில் உட்காருவார், சோற்றைப் பிசைவார், அப்படியே எழுந்து கை கழுவிவிடுவார்.’ இப்படி எழுதிய பிறகு யாரும் சிரிக்கவில்லை. அடிக்குறிப்பு போட்டு விளக்கினால் அது பாடப்புத்தகம் ஆகிவிடும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் கூட்டத்தில் இருக்கிறார்கள், சண்டை நடந்துகொண்டேதான் இருக்கிறது.

என் வாழ்க்கையில் எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லையே?

தினமும் செக்போஸ்ட் தாண்டிப் படிக்கப் போன ஒருவர் இதைச் சொன்னார். முதலில் கொச்சி சீமை என்றும் பிறகு திரு-கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி) என்றும் இருந்த மண் 1956 நவம்பர் 1 அன்று கேரளம் ஆன கதையைத் தாத்தா வாயால் கேட்டவர், கள் இறக்குகிறவர் வீட்டில் பிறந்தவர், ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்கிறார்! நடப்பது என்றால் விபத்தும் கொலையும் என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது.

எங்கிருந்து எடுப்பது என்றால் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் கை வையுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் அந்தக் காலத்து நினைவுகளே அதிகமாக வருகின்றன என்று உளவியல் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. முதல் சம்பளம், முதல் பஸ் பயணம், முதல் அவமானம் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன.

எனக்கு வயது 68. இனிமேலா?

உ.வே.சாமிநாதையர் 85 வயதை நெருங்கும்போதுதான், 1940இல், ஆனந்த விகடனில் தன் வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1942இல் மறையும்வரை எழுதினார். உங்களுக்கு இன்னும் பதினேழு வருடம் இருக்கிறது, நோட்டு வாங்கி வாருங்கள்.

சரி, எழுதிக் குவித்தாயிற்று. அதிலிருந்து கதை எப்படி வரும்?

இதற்குச் சூத்திரம் கிடையாது. என் நோட்டிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன். ‘சாயந்திர வண்டி’ என்று எழுதிப் போட்ட நாளில் நான் எழுதியது, பிழையோடு அப்படியே:

‘அத்தை பொள்ளாச்சி போயிட்டு வருவா சாயந்திர வண்டி. போறப்ப ஒல்லி வர்றப்ப குண்டு. என்ன எழுதறதுன்னு தெரியல. வண்டி நின்னா புகை. அத்தை நடக்கறப்ப கைய இடுப்புல வெச்சுட்டு மெதுவா நடப்பா. கை வலிக்குது கை வலிக்குது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வயிறு பெரிசா இருந்துச்சு பாப்பா வந்துச்சு. அத்தைக்கு ஏன் பாப்பா வரல. ராத்திரி சமையக்கட்டுல முறம். அரிசி விழற சத்தம். அத்தைக்குக் கொழந்தையே இல்ல கடைசி வரைக்கும்.’

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு அரிசியைக் கேரளத்துக்குள் கொண்டுவரக் கட்டுப்பாடு இருந்தது, இங்கே அரிசிக்குத் தட்டுப்பாடு. பெண்கள் இடுப்பில் துணிப்பை கட்டி, மேலே சேலை சுற்றி, ரயிலில் கொண்டுவருவார்கள். எங்கள் வீடு மீனாட்சிபுரம் ஸ்டேஷனுக்குப் பக்கம். பொள்ளாச்சியிலிருந்து வரும் மீட்டர் கேஜ் வண்டி ஆனைமலை ரோடு தாண்டினால் அடுத்து நாங்கள்தான்.

எழுதும்போது அரிசிக் கடத்தலைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து சிவப்புப் பேனாவோடு படித்தேன். எங்கள் வழக்கம், எழுதிய அன்றே படிப்பதில்லை. படிக்கும்போது நன்றாக இருக்கிற வரியைத் தேட மாட்டோம், உடம்பில் எங்கேயாவது சுருக்கென்று தைக்கிற வரிக்கு அடியில் கோடு போடுவோம். எனக்குத் தைத்தது கடைசி வரி. மற்றவை வேடிக்கை. அந்த ஒன்று நான் எழுத நினைக்காமலே வந்தது.

அடுத்த பத்து நிமிடம் ‘அத்தைக்கு ஏன் பாப்பா வரல’ என்பதையே தலைப்பாக வைத்து எழுதினேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, அதை நான் வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். ‘அத்தே, பாப்பா எங்கே?’ என்று சமையற்கட்டு வாசலில் நின்று. அத்தை என்ன சொன்னாள் என்பது வரவில்லை. மூன்றாவது பத்து நிமிடத்திலும் வரவில்லை. முறம் நின்றது மட்டும் வந்தது. புடைக்கிற சத்தம் நின்று, அப்புறம் திரும்பத் தொடங்கியது.

அப்புறம்தான் விசாரிக்கப் போனேன். பை எந்தத் துணி? பழைய வேட்டியில் நீளவாக்கில் தைத்த குழாய் மாதிரி பை என்று பெரியம்மா சொன்னார். ஒரு நடைக்கு எட்டு கிலோ. ஈரம் பட்டால் அரிசி உப்பித் தையல் விட்டுவிடும், அதனால் மழை நாளில் போவதில்லை. இதெல்லாம் கையோட்டத்தில் கிடைக்காது, கேட்டால்தான் கிடைக்கும்.

கதையில் நான் செய்தது மூன்று வேலை. ஏழு வயதுப் பையன் பார்ப்பதைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை, ஆகவே ‘அரிசி’ என்ற சொல் கடைசிப் பக்கம் வரை வராது. கட்டுப்பாடு, போலீஸ், பஞ்சம் பற்றி எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிட்டேன், மனசே இல்லை. முறம் நின்ற இடத்தில் கதையை நிறுத்தினேன். அத்தை என்ன சொன்னாள் என்று கற்பனையாக ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அத்தை அப்படிப் பேசுகிறவள் இல்லை, கிழித்துப் போட்டேன்.

பத்து நிமிட எழுத்து இருபது சேர்ந்தால் இப்படி ஒன்று கிடைக்கலாம். மிச்சப் பத்தொன்பதும் வீண் என்று நினைக்காதீர்கள், நினைத்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்று, அம்மா சொல்வது வேறு. எது உண்மை?

நினைவு என்பது பீரோவில் பூட்டி வைத்த பொருள் மாதிரி கிடையாது. நினைக்கும் ஒவ்வொரு முறையும் மனசு அதைப் புதிதாகக் கட்டுகிறது, அப்படிக் கட்டும்போது பிற்பாடு கேட்டதும் பார்த்ததும் உள்ளே புகுந்துவிடுகின்றன. ஆகவே உங்கள் அம்மாவும் பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. தேதி, ஊர், வண்டி நேரம் மாதிரி சரிபார்க்க முடிந்ததைச் சரிபாருங்கள். மற்றதில் இரண்டையும் எழுதலாம். ‘கிணற்றடியில் நின்றது சித்தப்பா என்று நான் சொல்கிறேன், அம்மா அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்கிறாள்’ என்று ஒருவர் தொடங்கிய கதை எங்கள் கூட்டத்தில் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது.

வேண்டுமென்றே சேர்த்தால் அது புனைவு, தப்பில்லை. சிறுகதை என்று பெயர் போடுங்கள், தன்வரலாறு என்று போடாதீர்கள்.

சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்தால்?

வருவார்கள். கையோட்ட நோட்டை யாருக்கும் காட்ட வேண்டாம், அதில் யாரைப் பற்றியும் எதுவும் எழுதலாம். வெளியே விடும்போது பெயர், ஊர், தொழில் மூன்றையும் மாற்றுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் எங்கள் ஊரில் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். சட்டத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அவதூறு பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில், எழுதியது உண்மை என்பது மட்டும் காப்பாற்றாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். இறந்தவரைப் பற்றி எழுதினாலும், குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அவதூறு ஆகலாம். செத்தவர் கேட்க மாட்டார் என்று தைரியமாக இருப்பவர்கள் கவனிக்க.

எழுதும்போது அழுகை வருகிறது. தொடரலாமா?

பெரும்பாலும் தொடரலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இருவர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களுக்கு நேர்ந்த பெரிய துயரத்தைப் பற்றி நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அப்போது மனதில் இருந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்த உடனே மனம் கனத்துப்போயிருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. பின்னால் நடந்த ஆய்வுகளில் பலன் சிறிதாகவே தெரிந்தது, சிலவற்றில் தெரியவே இல்லை. அதனால் இதை வைத்தியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சமீபத்தில் நடந்த சாவு, வன்முறை மாதிரி விஷயங்களை முதல் நாளே தொடாதீர்கள். எழுதும்போது கை நடுங்கினால், தூக்கம் போனால், நோட்டை மூடிவிட்டு முறம், வேட்டி, சாயாக்கடை என்று வேறு பக்கம் போங்கள். நாட்கணக்கில் தூக்கம் வரவில்லையென்றால் டாக்டரைப் பார்ப்பதுதான் சரி.

எழுதியதைக் கூட்டத்தில் படிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. படித்தால் கேட்பவர்கள் ‘நல்லா இருக்கு’, ‘இப்படி எழுதியிருக்கலாம்’ இரண்டும் சொல்லக் கூடாது. எந்தச் சொல் காதில் நின்றது என்று மட்டும் சொல்லலாம். உபதேசம் செய்தவர் அடுத்த கூட்டத்துக்கு எல்லோருக்கும் பரிப்புவடை வாங்கி வர வேண்டும். இரண்டு வாத்தியார்கள் இருப்பதால் வடைக்குக் குறைவில்லை.

எங்கே வெளியிடுவது?

முதல் ஆறு மாதம் இந்தக் கேள்வி வேண்டாம்.

என் பாட்டிக்கு எழுதத் தெரியாது. பேரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் என்ன செய்வது?

எல்லை ஊர் வீடுகளில் இது நிறைய. பிள்ளைகள் மலையாளம் மீடியம், பாட்டி கைநாட்டு, நடுவில் நீங்கள்.

பாட்டிக்குக் கையோட்டத்துக்குப் பதில் வாயோட்டம். போனில் பதிவை அழுத்திவிட்டு, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். போனைப் பார்த்தால் அவர்கள் ரேடியோவில் பேசுவது போலப் பேசத் தொடங்குகிறார்கள். ‘உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க’ என்று கேட்காதீர்கள், ‘அதென்னத்த சொல்றது’ என்று முடித்துவிடுவார்கள். கையில் ஒரு வேலை கொடுங்கள், கடலை உடைப்பது நல்லது. கை ஓடும்போது வாய் ஓடும். நடுவில் கேள்வி கேட்காதீர்கள், ‘உம்’ மட்டும் போடுங்கள். பதிவு செய்ததை அப்புறம் அவரிடமே சொல்லி, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னால் அழித்துவிட வேண்டும்.

பிறகு கேட்டு எழுதுங்கள், அவர் பேச்சிலேயே. போனே பேச்சை எழுத்தாக்கித் தருமே என்பார்கள். முயன்று பார்த்தோம். எங்கள் ஊர்ப் பாட்டிகளின் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை, ‘அம்பலத்துக்குப் போனேன்’ என்றால் ‘அம்பலமாகிப் போனேன்’ என்று எழுதி வைத்தது.

பேரனுக்கு நீங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா பாட்டியின் கதையைத் தமிழ்ப் பேச்சிலேயே, மலையாள எழுத்தில் எழுதினார். ஒன்பதாம் வகுப்புப் பையன் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான். திண்ணையில் கடலை உடைத்துக்கொண்டிருந்த பாட்டி, ‘அப்படியில்லடா, அன்னிக்கு மழை’ என்று திருத்தினார். பையன் பேனா எடுத்து மழையைச் சேர்த்தான்.